வேலையை விடாமல் டிகிரி: சேர்க்கையிலிருந்து சான்றிதழ் கைக்கு வரும் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படிப்பு மையம் நடக்கும் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் போய் நின்று பாருங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்து, சிவந்த கண்ணோடு டீ குடித்துக்கொண்டிருப்பார் ஒருவர். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஃபைலோடு படியேறி ஓடுவார் ஒரு பெண். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கும்போது எம்.ஏ. படிக்க ஆசைப்பட்ட ஒரு பெரியவர், முதல் பெஞ்சில் இடம் பிடித்திருப்பார்.

நானும் அந்த வாசலில் நின்றவன்தான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே எம்.ஏ. முடித்தேன். இரண்டு வருடப் படிப்பு, மூன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு கடையிலும் தெருவிலும் 'கரஸ்ல (அதாவது தொலைநிலைக் கல்வியில்) சேரணும், என்ன பண்ணணும்?' என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: பாடம் புரியாமல் பாதியில் நின்றவர்கள் குறைவு. தேதியைத் தவறவிட்டவர்கள், பெயர் பொருந்தாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியில் பாடத்தைவிடக் காகிதமும் காலண்டரும்தான் அதிகம் வரும்.

முதலில், எதற்காக இந்த டிகிரி?

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். படிப்புக்கு எதற்கு காரணம் என்பார்கள். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்த மொழி என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

அரசு வேலைதான் குறி என்றால் முதலில் பார்க்க வேண்டியது வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் மூன்று வருட டிகிரி. இந்த வரிசையில் படித்து வாங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று தமிழக அரசு 2009-ல் அரசாணை 107 போட்டது. பிளஸ் டூ இல்லாமலே நேரடியாக டிகிரி சேர்க்கும் வழிகள் அப்போது நிறைய இருந்தன. அப்படி டிகிரி வாங்கிய ஓர் அக்காவை எனக்குத் தெரியும். குரூப் தேர்வு எழுதி, தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மூன்று வருட உழைப்பு அந்த மேசையில் நின்றுபோனது.

இக்னோவில் பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்று உண்டு. அதை முடித்து டிகிரி சேரலாம். சொந்த ஆசைக்கோ தனியார் வேலைக்கோ படிப்பவர்களுக்கு அது நல்ல கதவு. அரசு வேலைக் கனவு கொஞ்சமாவது இருந்தால், முதலில் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பிளஸ் டூவை முடித்துவிடுங்கள். காலம் கூடுதலாகும், பரவாயில்லை.

தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20% முன்னுரிமை இருக்கிறது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கு வேண்டிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு டிகிரியை மட்டும் ஆங்கில வழியில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். விண்ணப்பத்தில் 'மீடியம்' என்ற கட்டத்தை யோசிக்காமல் நிரப்பாதீர்கள்.

பதவி உயர்வுக்காகப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் நிறுவனத்து எச்.ஆரிடம் 'தொலைநிலையில் இந்தப் படிப்பை ஏற்பீர்களா' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். அரசு ஊழியர் என்றால் சேருவதற்கு முன்பே துறை அனுமதி. சேர்ந்த பிறகு கேட்டால் அது வேறு கதை.

எந்தெந்த வாசல்கள் இருக்கின்றன

'கரஸ்' என்ற சொல் தபாலில் பாடம் வந்த காலத்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் ஆரம்பித்து வைத்தது. இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கின. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவருக்கு முக்கியமாக இந்த வழிகள் இருக்கின்றன.

இக்னோ, 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். வேலை மாற்றலாகி வேறு மாநிலம் போனாலும் படிப்பு கூடவே வரும், மண்டல மையத்தை மாற்றிக்கொள்ளலாம். இதன் பலம் அதுதான். பலவீனம், பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும்.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-ல் மாநிலச் சட்டத்தால் வந்தது, தலைமையிடம் சென்னை சைதாப்பேட்டை. தமிழில் படித்து தமிழில் எழுத வேண்டும் என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். இது போக மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே படித்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு தனி ரகம். ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பு இல்லை. நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். வீடியோ வீட்டில் பார்க்கலாம், தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். கணக்கு கொஞ்சம் கடினம். பத்து வருடம் கணக்குப் பக்கம் போகாதவர்கள் முதல் மாதம் திணறுவார்கள். செலவும் மற்ற இரண்டைவிட அதிகம், ஆனால் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

பொறியியலைத் தொலைநிலையில் படிக்க முடியாது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவை, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. இருந்து வருகிறது. மாலை வகுப்பு, ஏழு செமஸ்டர். ஆலை ஷிஃப்ட் முடித்துவிட்டு பைக்கில் பறந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு தாங்க வேண்டும்.

அனுமதி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியில் தொலைநிலைக் கல்விப் பணியகம் என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக 'டெப்' என்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்தை, எந்தக் கல்வியாண்டில், எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்று அவர்கள் இணையதளத்தில் பட்டியல் இருக்கும்.

அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, பாடம் பாடமாகக் கிடைக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் பி.காம்.முக்கு அனுமதி இருந்து, இன்னொரு படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். பழம்பெருமை உள்ள பல்கலைக்கழகங்களுக்கே நடுவில் சில ஆண்டுகள் அனுமதி இல்லாமல் போனதுண்டு. 'எங்க அண்ணன் அங்கதான் படிச்சான்' என்பது ஆதாரம் ஆகாது. அண்ணன் படித்தது வேறு வருடம்.

சில படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது: பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், சட்டம், வேளாண்மை, கட்டடக்கலை, ஹோட்டல் மேனேஜ்மென்ட். 2025 ஜூலை பருவத்திலிருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு-ஊட்டச்சத்து அறிவியல் போன்றவற்றையும் யுஜிசி நிறுத்திவிட்டது. உளவியலுக்குக் கூட்டம் அதிகம் என்பதால் இன்னும் அதைச் சொல்லி ஆள் பிடிக்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். 'ஒரே வருஷத்துல டிகிரி, பரீட்சைக்கு வர வேண்டாம்' என்று யாராவது சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தக் கூடாது. வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் மையம் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆன்லைன் பட்டத்துக்கு இந்த எல்லை கிடையாது.

முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் மறுபடியும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. இன்டர்வியூவில் யாராவது முகம் சுளித்தால் அந்த அறிவிப்பைக் காட்டலாம். நான் காட்டியதில்லை. ஆனால் போனில் சேமித்து வைத்திருந்தேன்.

சேர்க்கை: இன்ஷியல் செய்யும் வேலை

வருடத்தில் இரண்டு தடவை சேர்க்கை: ஜூலைப் பருவம், ஜனவரிப் பருவம். கடைசித் தேதி பல தடவை நீட்டிக்கப்படும், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். கடைசி நாள் சர்வர் என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024-லிருந்து புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. டிஜிலாக்கர் வழியாக ஏபிசி எண் எடுக்க வேண்டும். நீங்கள் படித்துச் சேர்க்கும் கிரெடிட்டுகளை வரவு வைக்கும் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து யுஜிசி தளத்தில் டெப் எண் எடுக்க வேண்டும். அது இல்லாமல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர முடியாது.

இங்கேதான் தமிழர்கள் எல்லோரும் மாட்டுகிறோம். மார்க் ஷீட்டில் 'எஸ். முருகேசன்'. ஆதாரில் 'முருகேசன் செல்லையா'. பான் கார்டில் 'செல்லையா முருகேசன்'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு இன்ஷியல் மாற்றிய பெண்களுக்கு இன்னும் ஒரு சுற்று. விண்ணப்பம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பதில் தப்பில்லை. ஆனால் போன் நம்பர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு, விண்ணப்பித்துக் கொடுத்தவர் தன் கடை மின்னஞ்சலைப் போட்டுவிட்டார். அடுத்த வருடம் அந்தக் கடையே இல்லை. ஹால் டிக்கெட் எடுக்கப் பதினைந்து நாள் அலைந்தான்.

இக்னோவில் அச்சுப் புத்தகம் வேண்டாம், மென்பிரதி போதும் என்று டிக் செய்தால் கட்டணத்தில் 15% குறையும். ஆசைதான். ஆனால் நாள் முழுக்க ஸ்கிரீன் பார்க்கிற வேலை என்றால் புத்தகமே வாங்குங்கள். பஸ்ஸில் படிக்கப் புத்தகம்தான் சரி. மென்பிரதி எப்படியும் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு. இக்னோவின் எம்.ஏ. ஆங்கிலம் 64 கிரெடிட். பெருக்கினால் 1,920 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேரப் பயணம், வீட்டில் ஒரு குழந்தை இருப்பவருக்கு இது நடக்காது. நடக்கும் என்று நினைத்துச் சேருகிறவர்கள்தான் முதல் தேர்விலேயே ஆறு அரியர் வைத்து மனம் உடைகிறார்கள்.

ஆனால் இந்தப் படிப்பில் நெகிழ்வு என்பதே இங்கேதான் இருக்கிறது. இக்னோவில் முதுகலைக்கு அதிகபட்சம் நான்கு வருடம், இளங்கலைக்கு ஆறு வருடம். நான்கு வருடமாகப் பிரித்தால் அதே எம்.ஏ.வுக்கு வாரம் ஒன்பது மணி நேரம்தான். முழு கணக்குப்படி யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம், ஆறேழு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தாலே தேறிவிடலாம். சேரும்போதே 'மூன்று வருடத்தில் முடிப்பேன்' என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். 'இன்னும் முடிக்கலையா?' என்று கேட்கிற சித்தப்பாவுக்கும் சேர்த்து.

நான் காலை நாலரைக்கு எழுந்து படிக்கலாம் என்று திட்டம் போட்டேன். நான்கு நாள் நடந்தது. கடைசியில் எனக்குக் கிடைத்த நேரம், கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் இல்லாத நாற்பது நிமிடம். அதில்தான் பாதி எம்.ஏ. படித்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு சந்து எங்காவது இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடுத்த வருடத்துக்கான மறுபதிவு. முதல் வருடத் தேர்வை எழுதினாலும் எழுதாவிட்டாலும், தேறினாலும் தேறாவிட்டாலும், இக்னோவில் கட்டணம் கட்டி அடுத்த வருடத்துக்குப் பதிய வேண்டும், பதியலாம். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து தேதியை விட்டவர்கள் ஏராளம்.

அசைன்மென்ட் என்னும் முப்பது மார்க்

இக்னோவில் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30%, தேர்வுக்கு 70%. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். முதுகலைக்குத் தேர்ச்சி 40%. அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் அந்தத் தாள் முடிந்ததாகக் கணக்கில்லை.

கையால் எழுத வேண்டும். ஏ4 தாள், முன்பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு, அசைன்மென்ட் எண், படிப்பு மையக் குறியீடு. இருபது வருடம் கழித்துப் பேனா பிடிக்கிறவருக்கு முதல் பத்துப் பக்கம் எழுதுவதற்குள் விரல் மரத்துப் போகும். இதைச் சாபமாக நினைக்க வேண்டாம், மூன்று மணி நேரத் தேர்வு எழுத அதுதான் பயிற்சி. காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள் தேர்வு ஹாலில் இரண்டாவது மணி நேரத்தில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பதிலை நாலு பேர் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

அந்தந்தப் பருவத்துக்கு உரிய கேள்விகளைத்தான் எழுத வேண்டும். போன வருடக் கேள்விக்கு முப்பது பக்கம் எழுதிக் கொண்டுபோனால் திருப்பிவிடுவார்கள். எழுதி முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். என்னுடைய இரண்டு அசைன்மென்ட்டுகள் படிப்பு மையத்திலேயே காணாமல் போயின. ரசீதும் போட்டோவும் இருந்ததால் மார்க் ஏறியது, எட்டு மாதம் கழித்து.

தேர்வும் லீவும்

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். அதற்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும், தானாக ஹால் டிக்கெட் வராது. காலை 10 முதல் 1, மதியம் 2 முதல் 5 என்று இரண்டு வேளை. தாள்கள் ஒரு மாதத்துக்கு மேல் பரவிக் கிடக்கும், வேலை நாளிலும் வரும். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு போட்டுப் பயனில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக நான்கு நாள் தேவைப்படும்.

தேதிப் பட்டியல் வந்த அன்றே ஒரு பிரதி எடுத்து மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள். 'சார், இந்த நாலு நாள் மட்டும். பதிலுக்கு ஞாயிறு வரேன்' என்று பேரம் பேசினால் பெரும்பாலும் நடக்கும். ஜவுளி, பட்டாசு, கல்யாண மண்டபம் மாதிரி சீசன் தொழிலில் இருப்பவர்கள் எந்தப் பருவத்தில் எத்தனை தாள் எழுதுவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கிற ஆபீஸ் ஆட்களுக்கு ஜூன் வசதி. எனக்கு டிசம்பர்தான். தீபாவளி வியாபாரம் முடிந்து, பொங்கல் கூட்டம் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும்.

ஐஐடி மாதிரி படிப்புகளில் வருடத்துக்கு மூன்று பருவம். ஒரு பருவத்தை விட்டுவிட்டு அடுத்ததில் தொடரலாம். பிரசவம், வீட்டில் நோயாளி, இடமாற்றம் என்று ஏதாவது வந்தால் இது பெரிய ஆறுதல்.

கேட்டால்தான் கிடைக்கும் சலுகைகள்

திருநங்கையருக்கும் சிறைவாசிகளுக்கும் இக்னோவில் கட்டண விலக்கு இருக்கிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குச் சில படிப்புகளில் கட்டண விலக்கு அறிவிப்பார்கள், சேரும்போதே கோரியிருக்க வேண்டும். சாதிச் சான்றிதழைத் தயாராக வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் எழுத்தர் வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். இதைத் தேர்வு அன்று காலையில் போய்க் கேட்டால் கண்காணிப்பாளர் கையைப் பிசைவார். இரண்டு வாரம் முன்பே மண்டல மையத்துக்கு எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே ஒரு கல்லூரியில் படிப்பவரும் கூடவே தொலைநிலையில் இன்னொரு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022-ல் அனுமதித்தது. தொலைநிலையில் இரண்டைச் சேர்த்தும் படிக்கலாம். முடியும் என்பதால் செய்ய வேண்டும் என்று இல்லை, மேலே போட்ட மணிக் கணக்கை ஒருமுறை பாருங்கள்.

கடைசி தாள் எழுதியபின்

ரிசல்ட்டில் எல்லாத் தாளும் 'முடிந்தது' என்று வந்துவிட்டதா என்று கிரேடு கார்டில் பாருங்கள். ஒரு ப்ராக்டிகல் மார்க் ஏறாமல் மொத்தப் பட்டமும் நிற்கும். நின்றால் மண்டல மையத்துக்கு நேரில் போங்கள், மின்னஞ்சல் மட்டும் போதாது. போகும்போது அந்த ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

ப்ரொவிஷனல் சான்றிதழ், மொத்த மார்க் ஷீட், பட்டமளிப்புச் சான்றிதழ் மூன்றும் தனித்தனி. பட்டமளிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அடுத்து வேறு பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறீர்கள் என்றால் மைக்ரேஷன் சான்றிதழையும் இப்போதே வாங்கிவிடுங்கள். பட்டம் தபாலில் வருவதாக இருந்தால், விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் குடியிருந்த வாடகை வீடாக இருக்கும். என்னுடையது பழைய வீட்டுக்காரம்மா வீட்டில் பிரிக்காமல் இரண்டு மாதம் டிவி மேல் கிடந்தது.